ரத்தம் சொன்ன பிள்ளை

என் தம்பி மனைவிக்கு அழுவதற்கென்று ஒரு காரணம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி அதையும் பிடுங்கிக்கொண்டு, "நல்ல சேதி" என்று சொல்லி அனுப்பிவைத்தது. அதைக் கேட்டு என் தம்பி நடு வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பயந்துபோயிருந்தவன். ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலேயே துணி ஆல்டர் செய்கிறேன். பேண்ட் குட்டையாக்குவது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. மூன்று ஊசி உடைந்தால் முப்பது வசவு விழும் என்று தம்பி சொல்வான். அவன் கார்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். அவன் மனைவி கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தாள். டாக்டர் ஊசி போடும்போது நாயையும் பூனையையும் முயலையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. கை முழுக்கக் கீறல். கடித்த நாயைப் பற்றிக்கூட "பாவம், பயத்துல பண்ணிடுச்சு" என்பாள். அப்படிப்பட்டவளிடம் நாத்தனார் சண்டை போட எனக்கு எத்தனையோ தடவை ஆசை வந்ததுண்டு, வாய்ப்புதான் கிடைத்ததில்லை.

மாடியில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, அவர்களுக்குப் பெரிய அறை, எனக்குச் சின்ன அறை. சின்ன அறையில்தான் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல். அதன் கீழே என் தையல் மெஷின், இரும்புக் காலோடு, யானைக் கனம். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அந்த அறை எனக்குக் கிடைத்திருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவள் சமையலறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அண்ணி, கல்லு இப்ப எடுக்க மாட்டாங்களாம்."

"ஏன், கல்லுக்கு நாள் சரியில்லையாமா?"

"உள்ள வேற ஆள் இருக்காம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். ரத்தத்தில் கர்ப்பத்துக்கான ஹார்மோன் இருக்கிறது, அளவு குறைச்சல்தான், ஆரம்பமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவள். விலக்கு முன்பின்னாக வருவதை அவள் கணக்கில் வைப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது.

தம்பிக்குத் தகவல் போனதும் கையில் பசையோடு ஓடி வந்தான். வரும் வழியிலேயே மருந்துக்கடையில் சிறுநீர் சோதிக்கிற கார்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தான். "சும்மா, நம்ம கண்ணால ஒரு தடவ பாத்துக்கலாமே" என்றான்.

அவள் அந்தக் கார்டைத் தொடக்கூட இல்லை. "இது மூஞ்சில நான் இனிமே முழிக்க மாட்டேங்க. மாசாமாசம் ஒத்தக் கோடு காட்டிக் காட்டி என்னை சாகடிச்சது இதுதான். ரத்தமே இருக்குன்னு சொன்னப்புறம் இதுகிட்ட போய் நான் ஏன் கேக்கணும்?"

"சரியா சொன்ன. தூக்கிப் போடுடா அதை" என்று நானும் சேர்ந்துகொண்டேன். தம்பி அதைப் பிரிக்காமலே குப்பைக்கூடையில் போட்டான். அந்த வீட்டில் உண்மை சொல்லக்கூடிய ஒரே பொருள் அதுதான் என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. ரத்தத்தை விடவா கார்டு பெரிது என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே மெஷினை ஹாலுக்கு நகர்த்தச் சொன்னேன். "இப்பவே என்ன அவசரம் அண்ணி?" என்று அவள் தடுத்தாள். "எனக்கு அவசரம். புள்ள வந்து அத்தைய காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி நானே மரியாதையா கெளம்பிடறேன்" என்றேன். தம்பியும் நானுமாக இழுத்துப் போட்டோம். ஹாலில் நடக்கிறவர்கள் எல்லோரும் முட்டியை இடித்துக்கொண்டார்கள். இடித்துக்கொண்டே சிரித்தோம். சின்ன அறையில் ஒரு பாய் தவிர எதுவும் வைக்கவில்லை. அவள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அந்த ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

நடுவில் கல் வலி வரும். சுருண்டு படுப்பாள். மாத்திரை வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது என்பாள். அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் அவள் முகத்தில் ஒரு பெருமை.

இரண்டு நாளைக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த ஹார்மோனின் எண் இரண்டு மடங்காக வேண்டுமாம். ஆகவில்லை. இருநூறு சொச்சத்தில் நின்றது, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் டாக்டரம்மா நின்றுகொண்டே பேசுகிறவர். அதனால் நான் அவருக்கு அவசர டாக்டர் என்று பேர் வைத்திருந்தேன். "இன்னும் சின்னதா இருக்கலாம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரமும் அதே இருநூறு சொச்சம்.

"அப்பன் புத்தி" என்றேன் நான். "இவனும் இப்படித்தான். எங்கம்மா தண்ணி ஊத்தினாத்தான் எழுந்திருப்பான். சரியான சோம்பேறிய வயித்துல வச்சிருக்க நீ."

அவள் வெகு நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தாள். அதிலிருந்து அதற்குச் சோம்பேறி என்றே பேராகிவிட்டது. காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பும்போது அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து, "டேய் சோம்பேறி, இன்னைக்காவது கொஞ்சம் எழுந்திரு" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு நாள் அவசர டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கர்ப்பப்பையில் இல்லை, வேறு எங்கோ, குழாயிலோ எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அங்கே வளர முடியாது. விட்டால் வெடித்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. ஒரு ஊசி இருக்கிறது, போட்டால் கரைந்துவிடும்.

அவள் கேட்டாள். "அதுக்கு வலிக்குமா டாக்டர்?"

"உங்களுக்கு வாய்ப்புண் வரலாம், வாந்தி இருக்கலாம்" என்றார் டாக்டர். கேட்டது அதை அல்ல என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கையெழுத்து அவள்தான் போட வேண்டும் என்றார்கள். தம்பி பேனாவைத் திறந்து கொடுத்தான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு ஊசி அறைக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தாலே கண் கலங்கும். பிறகு ரத்தம் போயிற்று. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுவது வெளியே கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்று, துண்டு வேண்டுமா என்று கேட்டேன்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதே இருநூறு சொச்சம்.

டாக்டர் முகம் சுருங்கியது. தம்பி மனைவியின் முகமோ, நான் சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. பஸ்ஸில் என் காதோடு சொன்னாள். "போக மாட்டேங்குது அண்ணி. ஊசி போட்டும் போகல. என்னை விட்டுப் போக அதுக்கு மனசே வரல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது ஊசியும் போட்டார்கள். எண் அசையவில்லை. இந்தத் தடவை டாக்டர் சொன்னது வேறு. இது பிள்ளையே இல்லாமல் இருக்கலாம், இந்த ஹார்மோனைச் சுரக்கிற கட்டியாக இருக்கலாம், சில சமயம் அது புற்றுநோயாகும், வயதும் ஆகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தம்பிக்கு உயிரே இல்லை. "எடுத்துடலாம். நீ இருந்தா போதும் எனக்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவளும் தலையாட்டினாள். அவன் எழுந்து போனதும் என்னிடம் சொன்னாள், "அதுக்குன்னு இருந்த ஒரே இடம் அது, அண்ணி. அதையும் எடுத்துட்டா, நாளைக்கு அது எங்க வரும்?"

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர் இன்னொரு டாக்டரம்மா, நிதானம். எங்கள் பழைய காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துவிட்டு முதல் கேள்வியாக, "யூரின் டெஸ்ட் எப்ப பண்ணீங்க?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நர்ஸ் ஒரு சின்னக் கப்பைக் கொடுத்தார். அவள் திரும்பி வந்ததும் அதே மருந்துக்கடைக் கார்டு, அதே சின்ன வெள்ளைப் பெட்டி. அவள் அதைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன். ஒரு கோடு. அதே பழைய ஒத்தக் கோடு.

நிதான டாக்டர் அவள் ரத்தத்தை வேறொரு லேபுக்கு, வேறொரு கம்பெனி மெஷினுக்கு அனுப்பினார். அங்கே வந்தது பூஜ்யம். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படம் வரைந்து விளக்கினார். எனக்குப் புரிந்தது என் பாஷையில்தான். கவுன் முதுகில் ஒரு பக்கம் ஹூக் தைக்கிறோம், மறுபக்கம் நூல் வளையம். நடுவில் உடம்பு இருந்தால்தான் இரண்டும் இழுத்துப் பிடித்து நிற்கும். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தானாம். நடுவில் ஹார்மோன் இருந்தால்தான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், மெஷின் அதைப் பார்த்து எண் சொல்லும். சிலருடைய ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒன்று இருந்துகொண்டு, நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஹூக்கையும் வளையத்தையும் தானே பிடித்து மாட்டிவிடுமாம். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. உடம்பே இல்லாத கவுனைப் பார்த்து, ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடும். அந்த ஆன்டிபாடி பெரிய உருப்படி, சிறுநீரில் இறங்காது. அதனால் கார்டு ஏமாறவில்லை.

"எனக்கு ஏன் அப்படி?" என்று அவள் கேட்டாள்.

"டெஸ்ட்ல இருக்கற அந்த ரெண்டு பக்கமும் மிருகங்கள்ல இருந்து எடுக்கறது. மிருகங்களோட பழகறவங்களுக்கு இது வரலாம். ஒண்ணுமே இல்லாம சும்மாவும் வரலாம். நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா நல்ல சேதி, கட்டியும் இல்ல, கேன்சரும் இல்ல. ஆபரேஷன் வேண்டாம். இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை மொதல்ல சொல்லிடுங்க. ரத்தத்துல கர்ப்பம்னு வந்தா உடனே நம்ப வேண்டாம்னு."

தம்பி அப்போதே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். சிரித்தான் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்ப அந்த ஊசி ரெண்டும் யாருக்குப் போட்டாங்க டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது போட்டிருக்கவே வேண்டாம்மா. தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

"அப்ப நான் யாரையும் கொல்லல."

"இல்லவே இல்லம்மா. அங்க யாருமே இல்ல."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். நல்ல மனுஷி, கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. தம்பி மனைவி அடி வாங்கியவள் போல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத் தம்பி கேக் வாங்கி வந்தான். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். கண்டம் தப்பியது என்றார்கள், நல்லவேளை ஒன்றுமே இல்லையாமே என்றார்கள். ஒன்றுமே இல்லையாமே, ஒன்றுமே இல்லையாமே என்று ஆளாளுக்குச் சந்தோஷமாகச் சொன்னதில் எனக்கு போனைத் தூக்கி அடிக்கலாம் போல் இருந்தது. அவள் எல்லோருக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டாள். பிறகு சின்ன அறைக்குள் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, நான் கொன்னுட்டேன்னு நெனச்சு அழுதேனே, அப்பக்கூட மனசுக்கு ஒரு பிடி இருந்துச்சு. கொன்னிருந்தாக்கூட, இருந்துச்சுன்னாவது ஆகும். இப்ப நான் யாருக்காக அழறது?"

என்னிடம் எத்தனையோ பதில் உண்டு. வாடிக்கையாளருக்கு, பஸ் கண்டக்டருக்கு, தண்ணீர் விடாத வீட்டுக்காரருக்கு எல்லோருக்கும் உண்டு. இதற்கு இல்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. நான்தான் சத்தம் வராமல் அழுதேன், அவள் நெற்றியில் விழுந்ததைப் புறங்கையால் துடைத்தேன்.

கொஞ்ச நாளில் கல்லை எடுத்தார்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அவள் வயிற்றில் நிஜமாக இருந்தது அந்தக் கல் மட்டும்தான். அவள் டப்பாவை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். வேலைக்குத் திரும்பினாள். நாய் பூனையோடு இருக்கும் அந்த வேலையே வேண்டாம் என்று தம்பி சொன்னதற்கு, "அதுங்க என்னங்க பண்ணும்?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டால் சிரித்தாள். அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் தம்பி திடீரென்று மெஷினைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். "அக்கா வெளிச்சம் இல்லாம கண்ணைக் கெடுத்துக்குது. ரூம் சும்மாதானே கெடக்கு, பழைய இடத்துக்கே போட்டுடலாம்." அவனுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும், பாவம். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல இழுத்தான். சின்ன அறை வாசலில் இரும்புக் கால் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவள் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு இஸ்திரிக்கடை அக்கா படியேறி வந்தார். மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். முதல் சந்தோஷத்தில் நான்தான் அவரிடம் படியில் நிறுத்திப் பீற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்க நம்ம பிள்ளைத்தாய்ச்சி? வயிறு தெரியுதா இப்ப?"

தம்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒண்ணுமே இல்லைக்கா, லேப்ல தப்பா சொல்லிட்டாங்க. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கலைஞ்சிடுச்சுக்கா."

பொய்தான். இல்லாதது எப்படிக் கலையும்? ஆனால் அதை விட்டால் வேறு வார்த்தை இல்லை. கலைய வேண்டும் என்றால் முதலில் இருந்திருக்க வேண்டும்.

இஸ்திரிக்கடை அக்கா கையிலிருந்த பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அடி என் கண்ணே. எத்தனை மாசம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

"மூணு மாசமா. அப்ப கை கால் எல்லாம் வந்திருக்குமே."

அவ்வளவுதான். எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தாளோ, உடைந்துவிட்டது. அந்த அம்மாள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வீடே அதிர அழுதாள். கை, கால் என்று அழுகைக்கு நடுவே சொல்லிச் சொல்லி அழுதாள். இஸ்திரிக்கடை அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "எனக்கும் ரெண்டு கலைஞ்சது. யார்கிட்டயும் சொல்லிக்கறதில்ல. ஆனா மறக்காதும்மா" என்றார்.

தம்பி மெஷினைப் பிடித்தபடியே நின்றான். உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிடுவானோ என்று அவனை முறைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அந்த அக்காவிடம் சொல்வது போலச் சொன்னான்.

"சோம்பேறின்னு கூப்பிடுவோம்க்கா. ரொம்ப சோம்பேறி அது." அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை. மெஷின் மேலேயே கவிழ்ந்துகொண்டான்.

அக்கா போனபிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மெஷினை ஹாலுக்கே திரும்ப இழுத்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் முட்டியைத் தடவிக்கொண்டே, உள்ளே ஒரு ரூம் காலியாத்தானே இருக்கு, அங்க போடக்கூடாதா என்று கேட்கிறார்கள்.

"அங்க ஆள் இருந்துச்சு" என்று சொல்கிறேன்.